சாந்திவனம்: தண்ணீர்ப்பள்ளியில் மூன்று நாள் தங்கிவிட்டு வந்து எழுதுவது

குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. எல்லோரும் சாந்திவனம் என்றுதான் சொல்கிறார்கள். கத்தோலிக்கத் துறவிகள் நடத்தும் இடம், வெளியாட்கள் போய்த் தங்கலாம். ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு மூன்று நாள் அங்கே இருந்துவிட்டு வந்தேன். போவதற்கு முன் அறை எப்படி இருக்கும், பெண்கள் தனியாகத் தங்கலாமா, சாப்பாடு எப்படி, எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ.க்காரர்கள், அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் சபையார், போனால் எப்படிப் பார்ப்பார்கள் என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன், தமிழில் சொல்வார் யாரும் கிடைக்கவில்லை. அதனால் அதையெல்லாம் எழுதுகிறேன். ஆனால் நான் அங்கே போனது ஓய்வெடுக்க அல்ல என்பதால் அந்தக் கதையும் கூடவே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு அலுவலகத்தில் வழக்கம்போலப் பொரி, கடலை, ஒரு துண்டு தேங்காய் போட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்து 26 வருஷம் ஆகிறது, ஒரு வருஷமும் நான் அதைச் சாப்பிட்டதில்லை. வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதும் இல்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன், வீட்டுக்கு வரும் வழியில் யாருக்காவது கொடுத்துவிடுவேன். அன்றைக்குக் குடியிருப்பு வாட்ச்மேனிடம் கொடுக்கும்போது கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் பக்கத்தில் நின்றாள். மாடிப்படி ஏறும்போது கேட்டாள்: "அவர் சாப்பிட்டா பரவாயில்லையாம்மா?" எனக்குப் பதில் வரவில்லை. அவளே மறுபடியும், "அப்போ கிறிஸ்டியனா இருக்கிறதுன்னா எதையெல்லாம் தொடக் கூடாதுங்கிறதுதானா?" என்றாள். அதில் கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ராத்திரி படுத்தபிறகு மனதில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொட்டு வைக்க மாட்டோம், கோலம் போட மாட்டோம், பிரசாதம் சாப்பிட மாட்டோம், நல்ல நேரம் பார்க்க மாட்டோம். மாட்டோம், மாட்டோம் என்றே போயிற்று. எதைச் செய்வோம் என்று யோசித்தால் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவோம், காணிக்கை போடுவோம், அத்தோடு நின்றுவிட்டது. நான் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், நாலாம் தலைமுறைக் கிறிஸ்தவள், ஓய்வுநாள் பாடசாலையில் எட்டு வருஷம் பாடம் எடுத்தவள். அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மதுரை அரசரடியில் இறையியல் படித்த தோழி ஒருத்திதான் சாந்திவனத்துக்குப் போய் வா என்றாள். "போ, ஆனா அங்க சொல்றதையெல்லாம் அப்படியே எடுத்துக்காதே, சண்டை போட்டுக்கிட்டே இரு" என்று சொல்லி அனுப்பினாள்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் பேருந்தில் ஏறினால் ஜீயபுரம், பெட்டவாய்த்தலை தாண்டி, குளித்தலைக்கு முன்னாலேயே தண்ணீர்ப்பள்ளி வந்துவிடும். ஏறக்குறைய 35 கிலோமீட்டர். எல்லாப் பேருந்தும் நிற்காது, ஏறும்போதே கண்டக்டரிடம் சொல்லி வையுங்கள். ரயிலில் வருகிறவர்கள் குளித்தலையில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். வழி முழுக்க வலது கைப் பக்கம் காவிரி கூடவே வருகிறது, வாழைத் தோட்டங்களுக்கு நடுவே மறைந்து மறைந்து. இந்தப் பக்கத்தில் அதை அகண்ட காவிரி என்பார்கள். அகலத்தை நேரில் பார்த்தால்தான் அந்தப் பேர் புரியும். மேட்டூர் அணையை மூடுவதற்கு முந்தைய வாரம் அது, நடுவில் பெரிய மணல் திட்டும் இரண்டு பக்கமும் தண்ணீருமாக இருந்தது.

தங்கும் அறை என்றால் ஒரு கட்டில், மெத்தை, கொசுவலை, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. தரை பெருக்கி, துவைத்த விரிப்பு போட்டிருந்தது. ஏ.சி., டி.வி. தேடுகிறவர்கள் போக வேண்டிய இடம் இல்லை. தென்னையும் பனையும் நிழல் கட்டி நிற்பதால் பகலிலேயே குளிர்ச்சியாக இருந்தது. தனியாக வந்த பெண்கள் என்னைத் தவிர மூன்று பேர். எனக்கு ஒரு நிமிஷம்கூடப் பயம் வரவில்லை. எந்தச் சபை என்று கேட்டார்கள். சி.எஸ்.ஐ. என்றேன். "வாங்க, சந்தோஷம்" என்று சாவியைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போனால் நல்லது. 1950-ல் இரண்டு பிரெஞ்சுக் குருக்கள் இதை ஆரம்பித்தார்கள். ஒருவர் ஜூல்ஸ் மோன்சானின். 1939-லேயே இந்தியாவுக்கு வந்து குளித்தலையில் பங்குக் குருவாக வேலை பார்த்தவர். மற்றவர் ஆன்றி லெ சோ, பிறகு அபிஷிக்தானந்தர் என்று பேர் பெற்றவர். திருவண்ணாமலையில் ரமணரைப் பார்த்து, அருணாசலத்துக் குகைகளில் உட்கார்ந்து, கிறிஸ்துவையும் விட முடியாமல் அங்கே கண்டதையும் மறுக்க முடியாமல் கடைசிவரை தவித்தவர். இருவரும் காவி உடுத்தி, மரக்கறி மட்டும் சாப்பிட்டு, இந்த மண்ணின் துறவிகள் வாழ்வதுபோல வாழ்ந்து பார்த்தார்கள். மோன்சானின் 1957-ல் இறந்துபோனார். அபிஷிக்தானந்தர் 1968-ல் இமயமலைப் பக்கம் கிளம்ப, அதே வருஷம் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயத் துறவி வந்து பொறுப்பெடுத்தார். 1993-ல் சாகும்வரை இங்கேதான் இருந்தார், கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களில் உள்ள உண்மையானதும் தூயதுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிக்கை விட்டது 1965-ல். இவர்கள் அதற்குப் பதினைந்து வருஷம் முன்பே காவிரிக்கரையில் குடிசை போட்டுவிட்டார்கள்.

கோயிலைத் தென்னாட்டுக் கோயில் மாதிரியே கட்டியிருக்கிறார்கள். நுழைவாசலுக்கு மேலே கோபுரம், அதில் தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளுக்கு மூன்று முகத்தோடு ஒரு உருவம். உள்ளே திறந்த மண்டபம், அதைத் தாண்டி மூலஸ்தானம் போல இருட்டான சிறிய கருவறை, உள்ளே நற்கருணை (கிறிஸ்துவின் உடலாகக் கொள்ளும் அப்பம்), முன்னால் விளக்கு. மேலே விமானத்தில் கிறிஸ்துவும் மரியாளும் சிங்கம், எருது, கழுகு உருவங்களும். நாற்காலி, பெஞ்சு கிடையாது, தரையில்தான் உட்கார வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று முறை வழிபாடு. கத்தோலிக்கரின் பூசையான திருப்பலி காலையில். பைபிளிலுள்ள சங்கீதம், சுவிசேஷம் எல்லாம் உண்டு. கூடவே உபநிடதத்திலிருந்து, பிற சமய நூல்களிலிருந்து, மாணிக்கவாசகர் போன்ற நம் அடியார்கள் பாடியதிலிருந்து ஒரு பகுதி வாசிக்கிறார்கள். காணிக்கை வைக்கும்போது தண்ணீர், பூ, தூபம், தீபம். திருவாசகத்தைக் கேட்டபோது எனக்கு சாயர்புரம் ஞாபகம் வந்தது. எங்கள் பக்கத்தில் ஊழியம் செய்த போப் ஐயர்தான் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ல் வெளியிட்டவர். எங்கள் வீடுகளில் அவர் பேர் தெரியும், பள்ளிக்கூடம் கட்டினவர் என்று தெரியும். அவர் உருகி உருகிப் படித்த அந்தப் பாட்டை ஒரு கோயிலுக்குள் கேட்க எனக்கு 52 வயது ஆக வேண்டியிருந்தது.

வழிபாட்டு முடிவில் தட்டு வரும். காலையில் சந்தனம், மதியம் குங்குமம், மாலையில் விபூதி. குளித்தலைப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த மூன்று வேளைக் கணக்குப் புதிதல்ல. காலையில் கடம்பர், மத்தியானம் ஐயர்மலைச் சொக்கர், அந்தியில் ஈங்கோய்மலை என்று ஒரே நாளில் மூன்று சிவன் கோயிலையும் தரிசிக்கிற வழக்கம் இந்த ஊரில் காலங்காலமாக உண்டு. சந்தனத்தில் எனக்குத் தயக்கம் இல்லை, கையிலும் நெற்றியிலும் தொட்டுக்கொண்டேன். மதியம் குங்குமத் தட்டு வந்தபோது கை எழவில்லை. நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பக்கத்து வீட்டு அத்தை தலை பின்னிவிட்டு, அவர்கள் பிள்ளைக்கு வைத்த கையோடு எனக்கும் ஒரு சாந்துப் பொட்டு வைத்து அனுப்பினார்கள். அம்மா பார்த்ததும் கிணற்றடிக்கு இழுத்துப்போய் லைப்பாய் சோப்பைப் போட்டுத் தேய்த்தாள். பொட்டு போன பிறகும் தேய்த்தாள். நெற்றி சிவந்து இரண்டு நாள் எரிந்தது. அம்மா கெட்டவள் இல்லை, என் ஆத்துமாவைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள். ஆனால் அந்த அத்தை திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதற்குப்பிறகு எனக்குத் தலை பின்னிவிடவே இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் நினைத்தது அந்த அத்தையின் முகத்தைத்தான். முதல் நாள் தட்டை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் மோதிர விரலால் தொட்டுப் புருவ மத்தியில் வைத்துக்கொண்டேன். அகக்கண் திறக்க வேண்டும் என்பது அதற்கு இங்கே சொல்லும் பொருள். எனக்கு அந்த அத்தையிடம் மன்னிப்புக் கேட்டதுபோல இருந்தது. ஊருக்கு வந்தபிறகு நான் பொட்டு வைப்பதில்லை, வைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஆனால் அந்தப் பயம் போய்விட்டது.

இனி சாப்பாடு. இதற்காகத்தான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன்.

காலைச் சிற்றுண்டிக்குப் பிறகு தங்க வந்தவர்களும் உட்கார்ந்து காய் நறுக்குகிறார்கள். கட்டாயம் இல்லை, ஆனால் தயவுசெய்து போங்கள், இந்த ஆசிரமத்தில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான். எனக்கு அவரைக்காய் வந்தது. பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரப் பெரியவர், கத்தியை வெண்ணெய் தடவுவதுபோலப் பிடித்துக்கொண்டு கேரட்டை ஒரே அளவாக வெட்டினார். எதிரே அந்தப் பக்கத்து அம்மா ஒருவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "நீங்க கிறிஸ்டினா? பொட்டு இல்லையே, அதான் கேட்டேன்" என்றார். ஆமாம் என்றேன். "நாங்க கடம்பர் கோயிலுக்குப் போறவங்க" என்றார். அவ்வளவுதான் பேச்சு. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த நார உரிங்க, தொண்டையில நிக்கும்" என்று என் கையிலிருந்த அவரைக்காயை வாங்கி, நுனியைக் கிள்ளி நரம்பை ஒரே இழுப்பில் உரித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மத்தியானம் அந்த அவரைக்காய்ப் பொரியலைத்தான் சாப்பிட்டோம். சோறு, சாம்பார், பொரியல், மோர். மரக்கறிதான். காரம் குறைவு, ஊறுகாய் கொண்டு போகலாமா என்று கேட்காதீர்கள், தேவைப்படாது. நீளமாகப் பாய் விரித்து வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். பேச்சு இல்லை. துறவிகள், வெளிநாட்டுக்காரர்கள், நான், ஒரு இளைஞர் பட்டாளம், தோட்டத்தில் வேலை பார்க்கிறவர் எல்லோரும் ஒரே வரிசை, தலைமாடு கால்மாடு இல்லாத வரிசை. பரிமாறுகிறவர் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டே போகிறார். முடித்ததும் அவரவர் தட்டை அவரவர் கழுவி வைக்க வேண்டும். எனக்கு இரண்டாவது கவளம் தொண்டையில் இறங்கவில்லை. காரணம் சாப்பாடு இல்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. சபைகளில் அசனப் பண்டிகை என்று ஒன்று உண்டு. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை கோயில் வளாகத்தில் அடுப்பு வெட்டி, அண்டா அண்டாவாகச் சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்து, ஊர் முழுக்கச் சாப்பிடுவது. அரிசி, ஆடு, விறகு எல்லாம் சபையார் கொடுக்கும் காணிக்கை. ஆதிச் சபையின் அன்பின் விருந்து என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். அந்தக் குழம்பு மணத்துக்காகவே சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் பிள்ளைகள் ஊருக்கு வருவார்கள். எனக்குப் பத்து வயது இருக்கும்போது என் ஆச்சி ஊரில் அசனம். நாங்கள் பந்தலில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம். என்னோடு ஓய்வுநாள் பாடசாலையில் படித்த, மனப்பாட வசனத்தில் முதல் பரிசு வாங்கிய பெண், கோயிலின் பின்பக்கத்துச் சுவரோரம் ஒரு தூக்குவாளியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவளும் அவள் தெருக்காரர்களும் அதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், அதே பாமாலையைப் பாடுகிறவர்கள். அவர்களுக்குப் பாத்திரத்தில் ஊற்றி அனுப்புவதுதான் வழக்கம். நான் கையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவள் வரவில்லை. ஆச்சி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பைபிளில் கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எத்தனையோ முறை பாடமாக எடுத்திருக்கிறேன். அந்தியோகியாவில் பேதுரு யூதரல்லாத புறஜாதியாரோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகி உட்கார்ந்தார், பவுல் அவரை முகத்துக்கு நேராகக் கண்டித்தார். கிறிஸ்துவின் பேரால் நடந்த முதல் பெரிய சண்டைகளில் ஒன்று பந்தியைப் பற்றியது! யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றியது! நான் அதை வேதப்பாடத் தேர்வுக்கு ஐந்து மார்க் கேள்வியாகத்தான் பார்த்திருக்கிறேன். பொரிப் பொட்டலத்தை 26 வருஷமாக வாட்ச்மேனிடம் தள்ளிவிட்ட நான் என் விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொண்டதாக நினைத்தேன். தூக்குவாளியோடு நின்றவளைப் பற்றி என் விசுவாசம் 42 வருஷமாக வாயைத் திறக்கவில்லை. மகள் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எதைத் தொடவில்லை என்று கேட்பதை விட்டுவிட்டு, யாரோடு உட்கார்ந்தாய் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தோழி சொன்னபடி சண்டையும் போட்டேன். மனசுக்குள்தான். இந்த ஆசிரமத்து வழிபாட்டில் ஒலிக்கும் சமஸ்கிருத மந்திரங்கள், காவி, உபநிடதம், மரக்கறி இதெல்லாம் யாருடைய பண்பாடு? இந்தியக் கிறிஸ்தவர்களில் பெரும்பகுதி தலித் மக்கள். எந்த மரபு அவர்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியதோ அதையே 'இந்தியப் பண்பாடு' என்று தேவாலயத்துக்குள் கூட்டிவந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? இது என் கேள்வி மட்டும் இல்லை. 1980-களின் தொடக்கத்தில் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் என்ற இறையியலாளர் இதைக் கிளப்பினார், தலித் இறையியல் அங்கிருந்துதான் வேகம் பிடித்தது. இன்னொரு கணக்கும் என் மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. சாந்திவனம் தொடங்கியது 1950 மார்ச்சில். அதே வருஷம் ஆகஸ்ட் 10-ஆம் தேதிதான் பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது, இந்து அல்லாதவர்கள் அந்தப் பட்டியலில் வர முடியாது என்று. பிறகு 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், தலித் கிறிஸ்தவர்கள் இன்னும் வெளியேதான். இரண்டு பெரிய மனிதர்கள் அத்வைதத்துக்கும் திரித்துவத்துக்கும் பாலம் தேடிக்கொண்டிருந்த அதே வருஷத்தில், ஊருக்குள் ஒரு பெண்ணின் அப்பா ஞானஸ்நானம் பெற்ற ஒரே காரணத்துக்காகச் சலுகையை இழந்தார். சபைக்குள் சாதியும் போகவில்லை. வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிவாரியாக உட்கார நடுவில் சுவர் வைத்தே கட்டியிருந்தார்கள், 1910-ல்தான் இடித்தார்கள். இந்துக்கள் தரப்பிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. ஓங்காரத்தையும் காவியையும் எடுத்துக்கொள்வது மதம் மாற்றுகிற தந்திரம் என்று 1980-களில் கடுமையாகவே எழுதினார்கள். அந்தக் கோபத்தையும் நான் லேசாகத் தள்ள மாட்டேன். தன் வீட்டுப் பொருள் இன்னொரு வீட்டு அலமாரியில் இருந்தால் யாருக்கும் சுருக்கென்றுதான் இருக்கும்.

அரசரடியில் ஒரு மனிதர் வேறு வழியில் போனார். தியாபிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்றால்தான் மதுரையில் தெரியும். தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியர், 2005-ல் காலமானார். பறையையும் நாட்டுப்புற மெட்டையும் கிராமத்துப் பேச்சையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 'ஒரு ஒலை' என்பது அவர் விடாமல் சொன்ன வார்த்தை. எல்லோர் அரிசியும் ஒரே உலையில் வேக வேண்டும், எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட வேண்டும், திருவிருந்து என்றால் அதுதான் என்பார். காவிரிக்கரையில் பாயில் உட்கார்ந்து மோர்ச்சோறு பிசையும்போது எனக்கு அவர்தான் ஞாபகம் வந்தார். மந்திரத்திலும் இசையிலும் இந்த இரண்டு வழிக்கும் தூரம் அதிகம், அந்தத் தூரத்தை நான் மூடி மறைக்க மாட்டேன். ஆனால் சாப்பாட்டுத் தரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

திருப்பலியில் நற்கருணை வாங்க நான் எழவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி மற்றச் சபையார் வாங்குவது பொதுவாக இல்லை, அது தெரிந்தே போனேன், யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து மற்றவர்கள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலித்தது. தூக்குவாளிக்காரிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நூற்றில் ஒரு பங்காவது அப்போது தெரிந்தது. எங்கள் தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27-ல் உருவானபோது ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று வெவ்வேறு மரபிலிருந்து வந்தவர்கள் ஒரே சபையானார்கள், உலகமே திரும்பிப் பார்த்தது. லண்டனில் பிரிந்தவர்கள் சென்னையில் சேர்ந்துவிட்டார்கள். என் ஆச்சி ஊரில் இரண்டு தெரு சேரவில்லை.

மற்றதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். காலையும் மாலையும் தியான நேரம் உண்டு. எனக்கு முதல் நாள் வீட்டு கேஸ் சிலிண்டர் பதிவு செய்தேனா என்பதுதான் ஓடியது, மூன்றாம் நாள் காவிரிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. நூலகம் நன்றாக இருக்கிறது, ஆங்கிலம்தான் அதிகம், தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும் என்று ஆசை. அறைக்கு இவ்வளவு என்று என்னிடம் விலை சொல்லவில்லை, கொடுத்த காணிக்கையை வாங்கிக்கொண்டார்கள். மூன்று வேளை சாப்பாடும் இருப்பிடமும் தந்திருக்கிறார்கள் என்பதை நினைத்து மனசாரக் கொடுங்கள். போவதற்கு முன் எழுதிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெளிநாட்டிலிருந்து நிறையப் பேர் வருகிறார்கள். டார்ச், கொசு மருந்து, ஒரு போர்வை, காலுக்கு எளிதாகக் கழற்றும் செருப்பு போதும். சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போனால் அவர்களுக்குப் பொழுது போகாது. உடனடியாக அற்புதம் வேண்டும், கூட்டுப் பிரார்த்தனையும் இசையும் வேண்டும் என்கிறவர்களுக்கும் இது ஒத்துவராது. ஆனால் கிறிஸ்தவராகப் பிறந்து, பழக்கத்தில் கோயிலுக்குப் போய், உள்ளே எதுவோ காய்ந்துபோனதுபோல உணர்கிறவர்கள் ஒரு தடவை போய் அந்தப் பந்தியில் உட்காருங்கள். வேறு சமயத்தார் போனாலும் மரியாதைக் குறைவு இருக்காது.

வீட்டுக்கு வந்த வாரம் ஆச்சி ஊர்ச் சேகரக் கமிட்டிக்கு, அதாவது சபையை நிர்வகிக்கும் குழுவுக்கு, ஒரு கடிதம் எழுதினேன். இப்போது பாத்திரத்தில் ஊற்றுவதில்லை, ஆனால் அந்தத் தெருக்காரர்கள் இன்றைக்கும் கடைசிப் பந்தியில்தான் வந்து உட்காருகிறார்கள் என்று என் சித்தப்பா மகன் சொன்னான். வருகிற மே மாத அசனத்தில் முதல் பந்தியை எல்லாத் தெருவும் கலந்து உட்கார வைக்க வேண்டும், பரிமாற நானும் என் வீட்டுக்காரரும் வருகிறோம், ஒரு மூட்டை அரிசி எங்கள் காணிக்கை என்று எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. அந்தச் சபைப் போதகரான ஐயரிடம் போனில் பேசினேன், "கமிட்டியில வைக்கிறேன்மா" என்றார். தூக்குவாளியோடு நின்றவள் இப்போது தூத்துக்குடியில் ஆசிரியை. அவள் நம்பரைக் கண்டுபிடித்துக் கூப்பிட்டேன். முதலில் யாரென்றே தெரியவில்லை அவளுக்கு. அசனத்துக்கு வா என்றேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீ எந்தப் பந்தியில உட்காருவே?" என்று கேட்டாள். "நீ உட்கார்ற பந்தியில" என்றேன். பார்க்கிறேன் என்றாள். என் மகளும் லீவு போட்டுவிட்டு வருகிறாள்.